இறுக்கிக் கட்டினால் வேகம் வந்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பேட்மின்டன் கட்டுரையில், பேட்டின் நரம்பை, அதாவது ஸ்ட்ரிங்கை, எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ அவ்வளவு வேகமாக அடி போகும், கடையில் 30 பவுண்டு இறுக்கத்துக்குக் கட்டச் சொல்லுங்கள் என்று ஒரு வரி இருந்தது. திருச்சியில் பல வருடங்களாக பேட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டிப் பிழைக்கிறவன் நான். அதைப் படித்த பிறகு அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

விஷயம் நேர்மாறு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்ட்ரிங் கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் அது உள்வாங்கி இறகுப்பந்தைத் திருப்பித் தள்ளும். இறுக்க இறுக்க அந்தத் தள்ளல் குறையும். நடுவில் சரியாகப் பட்டால்தான் அடி போகும் என்ற நிலை வரும். கை பழகியவர்களுக்கு அதில் கட்டுப்பாடு கிடைக்கிறது, அதனால் கேட்கிறார்கள். 2023இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்து கின்னஸில் இடம்பிடித்ததையும் கட்டுரை உதாரணம் காட்டியது. அந்த வேகம் அவருடைய உடம்பும் பல வருடப் பயிற்சியும் தந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மணிக்கட்டு அதற்கு என்ன செய்யும்?

கட்டுரை வந்த மறுநாளே ஒரு தகப்பனார் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மகளின் பேட்டில் 24 பவுண்டுக்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. 30 போடு என்கிறார். முடியாது சார் என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்கான், உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார். இரண்டு நாளில் ஃப்ரேம் பக்கவாட்டில் நசுங்கிய பேட்டோடு திரும்பி வந்தார், இதைச் சரிசெய்ய முடியுமா என்று. அந்தக் குழந்தை ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வேலையை எல்லோரும் நூல் கோக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். மெயின் என்கிற 22 நெடுக்கு ஸ்ட்ரிங்குகளையும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முன்னே போய்விட்டால் ஃப்ரேம் கோணும். மெயின் மட்டும் ஏறியிருக்கும்போது ஃப்ரேம் நீளத்தில் குறுகி அகலத்தில் விரியப் பார்க்கும். அதனால்தான் கிராஸ் என்கிற குறுக்கு ஸ்ட்ரிங்கை ஒன்றிரண்டு பவுண்ட் கூட்டி இழுத்து அதன் வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். மெயினை முடித்துவிட்டு கிராஸ் போடாமல் நான் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேன். கிராஸை ஒரே இடத்தில் உரசி இழுத்தால் மெயின் சூடேறித் தேய்ந்துவிடும், பிறகு ஒரு வாரத்தில் அறுந்துவிடும். ஃப்ரேம் துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் குழலான குரோமெட் ஒன்று வெடித்திருந்தாலும் அதன் விளிம்பே ஸ்ட்ரிங்கை அறுக்கும், அதையும் பார்த்து மாற்ற வேண்டும். இத்தனையும் செய்தால், "பக்கத்துக் கடையில் பதினைந்து நிமிஷத்தில் தர்றான்" என்கிறார்கள். அங்கே எதை விட்டுவிட்டுத் தருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ரிங் அறுந்த பேட்டை அப்படியே பைக்குள் வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, ஃப்ரேம் கோணினால் அதற்கும் நாங்கள்தான் பொறுப்பு. அறுந்தவுடன் மீதி ஸ்ட்ரிங்கையும் நடுவிலிருந்து வெட்டிவிட வேண்டும் என்று எந்தப் பத்திரிகையாவது சொல்லியிருக்கிறதா?

2024 பாரிஸ் பாராலிம்பிக் பேட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வென்றபோது படம் போட்டீர்கள், மனம் நிறைந்தது. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் முதல் பேட் வாங்கினார்கள் என்று எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குத் தெரியும். பேட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு சின்னப் பகுதி போடும்படி அப்போதே தங்களுக்கு எழுதினேன். வெளியிடவில்லை, பதிலும் வரவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பான ஒரு வரிக்கு அரைப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறதே என்பதுதான் தாங்க முடியவில்லை. இந்தக் கட்டுரைக்காக ஸ்ட்ரிங் கட்டுகிறவர் ஒருவரிடமாவது பேசியிருக்கக் கூடாதா? ஊருக்கு ஊர் இருக்கிறோம். ஒரு டீ நேரம் போதும்.

வருகிற ஞாயிறு அதே பக்கத்தில் இதை மட்டும் திருத்தி வெளியிடுங்கள்: பேட்டில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டிக் கட்டச் சொல்லக் கூடாது, பழகும் பிள்ளைகளுக்கு 20 முதல் 23 பவுண்ட் போதும். சின்ன எழுத்தில் வந்தாலும் சரி. கடையில் வெட்டி ஒட்டிக்கொள்கிறேன், இனி வருகிறவர்களிடம் அதைக் காட்டியாவது பேசலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பேட் கட்டும் கடைக்காரர், திருச்சி