படிக்க நேரம் இல்லாத பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று எந்த மாவட்டம் எத்தனையாவது இடம் என்று பெரிதாகப் போடுகிறீர்கள், சரி. ஒரு நாள் சாயங்காலம் முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் தெருக்களுக்கும் உங்கள் நிருபரை அனுப்புங்கள். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தென்காசியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், ஆனால் பீடித் தட்டு எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பையைப் போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்காரும். அம்மா இலையில் தூளை வைத்து உருட்டிப் போடப் போட, இது முனையை மடக்கணும், அப்புறம் எண்ணிக் கட்டுப் போடணும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கடையில் கொடுக்கும்போது சரியில்லை என்று கொஞ்சத்தைக் கழித்துவிடுவார்கள், அதற்கும் சேர்த்துச் சுற்றி வைக்கணும், சமையலும் அதே அம்மாதான் என்றால் ஒற்றை ஆளாக அவள் எப்படி முடிப்பாள்? எல்லாம் முடிந்து பிள்ளை கணக்கு நோட்டை விரிக்கும்போது விரலெல்லாம் புகையிலை நெடி, கண்ணைச் சொருகும் தூக்கம். அந்த அம்மாவுக்குப் புத்தி சொல்ல யாரும் கிளம்ப வேண்டாம். பிள்ளை படிக்கணும் என்றுதான் அவளும் இடுப்பொடிய உட்கார்ந்திருக்கிறாள்.

'அதான் எல்லாம் இலவசமாச்சே' என்கிறார்கள், பாளையங்கோட்டையில் டியூஷன் வாசலில் ஸ்கூட்டரோடு பிள்ளைக்குக் காத்து நிற்கிறவர்கள். இலவசம்தான், நல்ல திட்டங்கள்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2022-ல் வந்த காலை உணவு ஐந்தாம் வகுப்போடு சரி. 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வி, சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த திட்டம், அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதில் நின்றுவிடுகிறது. சைக்கிள் பிளஸ் ஒன்னில், பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் கல்லூரியில் கால் வைத்த பிறகு. நடுவில் ஒன்பதும் பத்தும் இருக்கிறதே, கை நன்றாகப் பழகி 'இவ இருந்தா இன்னும் ஐந்நூறு பீடி கூடும்' என்று வீடு கணக்குப் போடுவது அந்த வயதில்தான். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் பிளஸ் டூ வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், நிஜம்தான். அந்தத் தேர்வுக்குப் படிக்கவும் சாயங்காலம்தானே வேண்டும்!

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பீடி ஊர்களில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை திறந்து வையுங்கள். லைட், ஒரு ஆசிரியர், கொஞ்சம் சுண்டல் போதும். வந்து படிக்கிற ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா கணக்கில் மாதாமாதம் ஒரு தொகை போடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். இரண்டு கலெக்டர்களும் மனசு வைத்தால் இந்தக் காலாண்டுத் தேர்வுக்கு முன்னாலேயே நாலைந்து ஊரில் தொடங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
முக்கூடல் வாசகர் ஒருவர்