எங்கள் மகளின் காதுக்காகக் கைகோத்த எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மகள் இந்த வருடம் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காத பிள்ளை. இன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாள், வாயாடவும் செய்கிறாள். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாமே" என்று ஊரில் விசாரிக்கிறார்கள். காதில் காக்ளியர் கருவி பொருத்தும் அந்த ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் எங்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் அங்கன்வாடி டீச்சருக்கு. "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டில் பெரியவர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. கதவை அறைந்து சாத்தினால் பிள்ளை திரும்பிப் பார்ப்பாள் என்பதால், காது கேட்கிறது என்றே நாங்களும் இருந்தோம். டீச்சருக்கு மட்டும் சந்தேகம். ஒருநாள் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆயாவிடம் சொல்லி இவள் முதுகுக்குப் பின்னால் பருப்பு டப்பாவைக் குலுக்க வைத்திருக்கிறார். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பின. இவள் முட்டையை உரித்துக்கொண்டே இருந்தாள். கதவு சாத்தும்போது அவளுக்குத் தெரிந்தது தரையின் அதிர்வு மட்டும்தான்.

ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் மருத்துவக் குழு வருடத்துக்கு இருமுறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். அந்தக் குழு வந்த அன்று டீச்சரே வீட்டுக்கு வந்து எங்களைக் கூட்டிப்போனார். டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, பிள்ளைகளின் குறைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துக் கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கொடுத்ததோடு விடாமல், அங்கே இருப்பவரிடம் போனில் பேசி நாளும் வாங்கித் தந்தார். இந்த ஒரு போன்தான் எங்களைக் காப்பாற்றியது என்பேன். அதன்பிறகு நாங்கள் போன இடமெல்லாம் இப்படியே நடந்தது. எங்களை அனுப்பும் முன்பே விவரம் அடுத்த அலுவலகத்துக்குப் போய்விடும். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு மேசையிலும் கதையை முதலிலிருந்து சொல்லும் வேதனை எங்களுக்கு வரவில்லை.

மையத்தில் பிள்ளையைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பி ஒட்டி, சத்தம் மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் 'பெரா' பரிசோதனை செய்தார்கள். முடிவைச் சொன்ன, காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் தங்கை, அழுத என் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, இது யார் செய்த பாவமும் இல்லை என்று பொறுமையாகப் புரிய வைத்தார்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். சின்ன வயதில் சத்தம் மூளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு வரும். அதனால் எல்லோரும் எங்களைவிட வேகமாக ஓடினார்கள். வி.ஏ.ஓ. சார் வருமானச் சான்றுக்கு உடனே விசாரித்து எழுதினார். கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டு அட்டை கிடைத்தது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் பஸ் பாஸுக்கும் வழிசெய்தார்கள். ஆபரேஷனுக்கு முன் போட வேண்டிய தடுப்பூசியை எங்கள் கிராம சுகாதார செவிலியர் நினைவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனை டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது, ஆனாலும் சொல்கிறேன். காக்ளியர் கருவியில் ஒரு பாகம் காதுக்குள்ளே, இன்னொன்று வெளியே. காயம் ஆறி சில வாரம் கழித்துத்தான் அந்த வெளிக்கருவியை மாட்டி 'சுவிட்ச் ஆன்' செய்வார்கள். முதல் சத்தம் கேட்டதும் என் மகள் சிரிக்கவில்லை. மிரண்டு அழுது, என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அது நல்ல அறிகுறிதான் அம்மா என்றார்கள்.

அப்புறம் தொடங்கியதுதான் பெரிய வேலை. பேச்சுப் பயிற்சி டீச்சர் எனக்கே பாடம் நடத்தினார். தினமும் காலையில் கருவியை மாட்டியதும் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளையும் சொல்வேன். ஒவ்வொன்றும் காதில் விழுந்ததும் அவள் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். 'ஸ்' மட்டும் ரொம்ப நாள் பிடிகொடுக்கவில்லை. அதற்கும் கொட்டை விழுந்த அன்று நானும் பயிற்சி டீச்சரும் போனில் சேர்ந்தே அழுதோம்.

கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் பள்ளி திறக்கும் முன்பே வகுப்பு டீச்சரைப் பார்த்துப் பேசிவிட்டார். முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், போர்டைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது, காதுக்கருவியைப் பிள்ளைகள் இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். வகுப்பு டீச்சர் அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்.

ஒரே ஒரு கோரிக்கையும் உண்டு. கருவியின் கம்பியும் பேட்டரியும் பழுதானால் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்தச் செலவு தாங்காது. கருவி நின்றால் பிள்ளைக்கு அன்று வகுப்பே இல்லாத மாதிரி. இத்தனை துறைகள் சேர்ந்து கொடுத்த காதை ஓடவைக்கவும் எல்லோரும் ஒருமுறை கூடிப் பேசுங்கள்.

பிள்ளை பேசவில்லையே என்று தவிக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், நாளைக்கே உங்கள் அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள்.

நன்றியுடன்,
ஒரு அம்மா,
மானாமதுரை வட்டம், சிவகங்கை மாவட்டம்.