ரூஸ்கியெ என்றால் ரஷ்யா இல்லை, கண்ணு

வ்ரோத்ஸ்வாஃப்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. கல்லூரி விழாவில் நாட்டுக்கு ஒரு மேசை போடுகிறார்கள், போலந்து மேசை உன் பொறுப்பு என்றதும் அப்பாவுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான். ஆனால் நம் கொழுக்கட்டை மாதிரி பூரணம் வைத்து மடித்த பியெரோகித் தட்டுக்கு முன்னால் வைப்பதற்கு நீ எழுதியிருக்கும் அட்டையில் 'ரஷ்யப் பியெரோகி' என்று இருக்கிறதே, அதை முதலில் கிழித்துப் போடு. காரணம் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நீ கேட்ட கேள்வி. போலந்தின் தேசிய உணவு எது, பிகோஸா பியெரோகியா? இதுதான் என்று அரசு எதையும் அறிவித்ததில்லை. ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

புத்தகங்களைக் கேட்டால் பிகோஸ் என்றுதான் வரும். புளித்த முட்டைக்கோஸ், இறைச்சி, சாசேஜ், காய்ந்த காளான் எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் சூடு பண்ணிப் பண்ணிச் சாப்பிடுவது. 1834-இல் மித்ஸ்கியெவிச் எழுதிய பெருங்கவிதையில் வேட்டை முடிந்து வந்தவர்கள் காட்டில் பிகோஸ் கொதிக்க வைத்துச் சாப்பிடுகிறார்கள். அப்போது போலந்து என்று ஒரு சுதந்திர நாடே இல்லை. கவிஞர் பாரிஸில் இருந்தார். நாடு இல்லாதவன் பானையின் வாசனையை அப்படி எழுதினால் அது தேசிய உணவாகாமல் என்ன செய்யும்? ஆனால் 1682-இல் கிராக்கவில் அச்சான செர்னியெட்ஸ்கியின் சமையல் நூலில் பிகோஸ் என்றால் பொடியாக நறுக்கிய இறைச்சி, அவ்வளவுதான். முட்டைக்கோஸ் பின்னால்தான் வந்தது, இறைச்சி வாங்க முடியாதவர்கள் பானையை நிரப்பச் சேர்த்தது. இன்று அதில்லாமல் பிகோஸே இல்லை.

நம் குடியிருப்பைக் கேட்டால் பதில் வேறு. இதை எழுதும்போதே பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று சத்தம் கேட்கிறது, உனக்கும் மறந்திருக்காது. பன்றி இறைச்சித் துண்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி மெல்லிசாக்குகிறார்கள். ஞாயிறு மதியம் முதலில் ரோசூவ், கோழி ரசம் மாதிரி தெளிவாக. அப்புறம் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த ஸ்கபோவி. நீ சின்னவளாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டதும் "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்று குதிப்பாய். அது வியன்னாப் பக்கத்து உணவுக்கு உறவுக்காரன்தான். அதனால் இவர்களுடையது இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஊர் மாறினால் பதிலும் மாறும். போஸ்னானில் உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும், சிலேசியாவில் நடுவில் விரலால் குழி வைத்த உருண்டை, மலைப்பக்கம் போனால் புகையில் வைத்த ஒஸ்சிபெக் என்ற செம்மறிப்பால் சீஸ். ஈஸ்டருக்கு ஜுரெக்; ரை என்ற தானியத்தின் மாவைக் கரைத்து நாலைந்து நாள் புளிக்கவிட்டு வைக்கும் சூப். அதைப் புளிக்க வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேளாண் அமைச்சகம் பாரம்பரிய உணவுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, குறைந்தது 25 ஆண்டு வழக்கம் இருந்தால்தான் அதில் இடம். பட்டியல் 2000-ஐத் தாண்டிவிட்டது. அத்தனையிலும் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் கிழங்கும் தயிர்க்கட்டியும் வைத்த பியெரோகி இருக்கிறதே, அந்த ரூஸ்கியெதான் நான் வைப்பேன். நீ எடுத்தது சரியான உணவு. பெயர்தான் தப்பு.

ரூஸ்கியெ என்பது ரூஸ் என்ற நிலப்பகுதியிலிருந்து வந்த சொல். ரஷ்யாவுக்குப் போலிஷில் ரோஸ்யா என்று வேறு பெயர். இந்த ரூஸ், லுவூஃப் நகரைச் சுற்றிய பகுதி. போருக்கு முன் போலந்து, இன்று உக்ரைனின் லிவிவ். 1945-இல் எல்லைகளை நகர்த்தினார்கள். கிழக்கே இருந்த போலந்துக்காரர்கள் மேற்கே வந்தார்கள், அதுவரை பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரமாக இருந்த நம் ஊருக்கும்தான் ஏராளமானவர்கள் வந்தார்கள். பள்ளியிலிருந்து உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்களே, வட்டமான கட்டடத்துக்குள் அந்தப் பெரிய போர் ஓவியம், அதுவும் லுவூஃபிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்ததுதான். 1946-இல் வந்த ஓவியத்தை 1985-இல்தான் மக்கள் பார்க்க முடிந்தது. பியெரோகி அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை, வந்த வாரமே அடுப்பில் ஏறியிருக்கும்.

மேல்மாடிப் பாட்டியும் 1946-இல்தான் வந்தார், ஆறு வயதில், சரக்கு ரயிலில். அவர் மாவு திரட்டும் அகலமான மரப்பலகை நினைவிருக்கிறதா? ஒரு மூலை கருகியிருக்கும். அது அவர் அம்மா ரயிலில் தூக்கி வந்த பலகை. கருகியது எப்படி என்று போன மாதம்தான் கேட்டேன். வழியில் வண்டி நின்ற இடத்தில் தண்டவாளம் ஓரமாகத் தீ மூட்டி, அந்தப் பலகையைக் காற்றுக்கு மறைப்பாக வைத்தார்களாம். நீ அதன் மேல்தான் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக மாவு வெட்டிக் கொடுப்பாய். உன் மூக்கெல்லாம் மாவு. பாட்டி ஒரு வார்த்தை திட்டியதில்லை.

2022-இல் போர் தொடங்கியபோது சில உணவகங்கள் ரூஸ்கியெ என்ற பெயரை அழித்து 'உக்ரைன் பியெரோகி' என்று எழுதின. நல்ல மனதோடு செய்தார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. "என் ஊர்ப் பெயரை எதற்கு அழிக்கிறார்கள்?" என்றார். அதனால்தான் உன் அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

சரி, செய்முறை. உருளைக்கிழங்கை முந்தின நாளே வேகவைத்து மசித்து ஆறவிடு. சூடாக இருந்தால் மாவு இளகிவிடும். அங்கே போலந்துக் கடை இருந்தால் த்வாருக், அதாவது அந்தப் புளிப்புத் தயிர்க்கட்டி, கிடைக்கும். இல்லையென்றால் பனீர் போடாதே, அதில் புளிப்பே இருக்காது. கெட்டித் தயிரை இளஞ்சூட்டில் வைத்து, திரிந்ததும் துணியில் கட்டித் தொங்கவிடு. கிழங்கு இரண்டு பங்கு, இது ஒரு பங்கு. வெங்காயத்தை வெண்ணெயில் பழுப்பாகும்வரை வதக்கிச் சேர். மிளகு, பயப்படாமல் போடு. மைதாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, மேலே பாத்திரத்தைக் கவிழ்த்து அரைமணி நேரம் விடு. திரட்டி வட்டமாக வெட்டி, நடுவில் கிழங்கை வைத்து மடித்து ஓரத்தை அமுக்கு. ஓரத்தில் துளி கிழங்கு பட்டாலும் ஒட்டாது, கொதிநீரில் வாய் பிளந்துவிடும். மேலே மிதந்ததும் இன்னும் இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். இங்கே பன்றிக்கொழுப்பைப் பொரித்து மேலே தூவுவார்கள். எல்லோரும் சாப்பிட வேண்டும் என்றால் வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்.

அட்டையில் 'பியெரோகி ரூஸ்கியெ' என்று அப்படியே எழுது, கீழே லுவூஃப், வ்ரோத்ஸ்வாஃப் என்று இரண்டு ஊர்ப் பெயரையும் போடு. கேட்கிறவர்களுக்கு நின்று சொல்.

வேகவைப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பு, கிட்டே வைத்து, ஓரம் தெரிகிற மாதிரி. நீ சரியாக அமுக்கியிருக்கிறாயா என்று பாட்டி பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா