குளோஸ்டருக்கு ஒருக்கா போய் வா பிள்ளை

அன்பான பிள்ளை,

இஞ்ச எல்லாரும் சுகம், அம்மாவின்ர முழங்கால் நோவு மட்டும் அப்பிடியே கிடக்கு. போனில சொன்னா "ஓம் அப்பா, ஓம் அப்பா" எண்டுட்டு வச்சிடுவாய், அதான் இருந்து டைப் பண்ணுறன்.

நம்மட அன்னபூரணிக் கப்பல் அமெரிக்கா போனதெண்டு சின்னனில கேட்டிருப்பாய். அது போய்ச் சேர்ந்த குளோஸ்டர் உனக்குப் பக்கத்திலதான் இருக்கு தெரியுமே? பொஸ்டனிலயிருந்து ட்ரெயினில ஒரு மணித்தியாலம் சொச்சம்.

1930 இல வல்வெட்டித்துறையில கட்டினது, ரெண்டு பாய்மரம், 89 அடி நீளம். பலகை வேம்பு, கசப்புக்குப் புழு அண்டாது எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். பிளான் கீறின பேப்பர் ஒண்டும் இல்லை, மேத்திரிமாற்ற கண்ணளவும் கையளவும்தான், பலகை இடுக்குக்குள்ள பஞ்சைத் திணிச்சு உளியால இறுக்கிக் கலப்பத்து அடிப்பினம், அதில கொஞ்சம் பிசகினாலும் நடுக்கடலில தண்ணி இறைச்சே ஆக்கள் செத்துப்போவினம்.

பிறகு கப்பலை வாங்கின அமெரிக்கக்காரன் வில்லியம் ரொபின்சனும் லேசுப்பட்ட ஆள் இல்லை, 1928 தொடங்கி 1931 வரைக்கும் 32 அடிப் படகு ஒண்டில உலகத்தைச் சுத்தி வந்த மனுசன். ஆனா ஒரு வேலை செய்தார், கப்பலுக்குத் தன்ர மனிசியின்ர பேரை வச்சார், 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எண்டு. அந்த 'சி' கிரேன், மனிசியின்ர பிறந்த வீட்டுப் பேர். சிக்காகோ பைப், வால்வ் கொம்பனிக் கிரேன் ஆக்கள், குளோஸ்டருக்குக் கிட்ட இருக்கிற இப்சுவிச்சில மலைக்கு மேல பெரிய மாளிகை கட்டினவை, இப்பவும் போய்ப் பார்க்கலாம்.

எனக்கு விளங்கினது இதுதான், கப்பலின்ர கதை ரெண்டா உடைஞ்சு போச்சு. இஞ்ச அன்னபூரணி எண்டு பெருமை பேசுறம், பாதி கதை ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்லுறது. அங்கயுள்ள பேப்பரில அன்னபூரணி எண்டு தேடினா கிடைக்கிறது கஷ்டம், புளோரன்ஸ் எண்டு தேடினாத்தான் வரும், வந்தாலும் ரொபின்சன்தான் ஹீரோ. சுயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா எல்லாம் தாண்டி 1938 ஆகஸ்டில குளோஸ்டரில கொண்டுபோய் விட்டதில தண்டையல், அதான் கப்பல் தலைவர், கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் ஊர்ப் பெடியளும் இருந்தவையெல்லோ, காசு குடுத்தவனுக்கு இருக்கிற பேர் பாயை இழுத்தவனுக்கு இல்லை. எனக்கு அது இண்டைக்கும் கோவம்தான். ரொபின்சனில இல்லை, எழுதி வைக்காம விட்ட நம்மடை ஆக்களில.

குளோஸ்டர் ஆக்களும் கடலோட பிறந்து வளந்த சனம், மீன்பிடிப் பாய்க்கப்பலுக்குப் பேர்போன ஊர். வேப்பம் பலகையில செய்த கப்பல் வந்து நிண்டா சும்மா பார்த்திட்டுப் போயிருக்க மாட்டினம், எங்கயோ எழுதியிருப்பினம், படம் பிடிச்சிருப்பினம். அங்க கேப் ஆன் மியூசியம் எண்டு ஒண்டு இருக்கு, ஊர் லைப்ரரியும் இருக்கு. லீவு நாளில ஒருக்கா போய் 1938 ஆகஸ்ட் பேப்பரைக் கேள், முதல் நாள் மட்டும் பார்த்திட்டு வந்திடாத, அந்த மாசம் முழுக்கப் பார்.

போட்டோ இருந்தா படத்தை மட்டும் வெட்டி அனுப்பாத, பக்கத்தை முழுசா எடு, கீழ ஆக்களின்ர பேரை எப்பிடி எழுதி வச்சிருக்கிறாங்கள் எண்டு எனக்குப் பார்க்கவேணும். வாட்ஸ்அப்பில போட்டா மங்கிப்போகும், ஈமெயிலில அனுப்பு.

அப்பா