குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழு உறுப்பினர்கள், நகர்வாசிகள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையில் போயிற்று. தெருவிளக்கு, வடிகால், நாய்த்தொல்லை மனுக்களின் நிலை தனித்தாளில் இருக்கிறது. கூட்டங்களில் பாதி நேரத்தை எடுத்துக்கொண்ட விஷயத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஜூன் 26, போதை ஒழிப்பு தினத்தன்று உறுதிமொழி எடுத்தோம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சமயம் அது. அந்த ஊரைப் பற்றிப் பேசினோம், பஜ்ஜி சாப்பிட்டோம், கலைந்தோம்.

ஆகஸ்டில் பம்ப் ரூமுக்குப் பின்னால் குப்பை அள்ளும்போது நம் தூய்மைப் பணியாளர் அக்காவின் விரலில் ஊசி ஏறிவிட்டது. கிளறிப் பார்த்தால் நான்கைந்து சிரிஞ்சுகள், தண்ணீர் பாக்கெட், காலி மாத்திரை அட்டைகள். வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றியிருக்கிறார்கள். உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டுமாம். குமட்டலோடு சாப்பிட்டார். தொற்று இல்லை என்று முடிவு வரும்வரை அவர் வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை.

"வெளியாட்கள் வேலை, கேமரா போடுங்கள்" என்றார்கள். போட்டோம். இரண்டாவது வாரமே படத்தில் விழுந்தது நம் தெருப் பையன்கள் மூன்று பேர். பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தீர்மானம், ஒரு அப்பா எழுந்து வெளியே போனதும் கைவிடப்பட்டது. கேமராவுக்குக் கொடுத்த பணம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அட்டைகளில் டபென்டடால் என்று இருந்தது. இதன் உறவுக்கார மாத்திரையான டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இதையும் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனால் பையன்களுக்கு அது கூரியரில் வந்திருக்கிறது. அளவு மீறினால் மூச்சு மந்தமாகி நின்றே போகும், கூடவே மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்று அக்டோபர் கூட்டத்துக்கு வந்த மனநல மருத்துவர் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், அதில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை. அரங்கம் கொஞ்சம் நெளிந்தது. ஊசியைப் பற்றி உரக்கப் பேசிய சிலர் மாலையில் எந்தக் கடை வாசலில் நிற்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பல வருடம் தினமும் குடித்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டியது ஒரு வீடு. இரண்டாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்தியிருந்தால் அது தவிர்ந்திருக்கும். இப்போது தேறி, நடைப்பயிற்சிக்கு வருகிறார்.

சரி, பையன்கள் விஷயம். இரண்டு பேர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்வருகிறார்கள். ஒருவன் இடையில் ஒரு முறை சறுக்கினான், திரும்பவும் போகிறான். மூன்றாவது குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டது. தடுக்க நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. போதை மீட்பு உதவி எண் 14446 இப்போது பம்ப் ரூம் சுவரில் இருக்கிறது. எழுதியது அந்த இருவரில் ஒருவன். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று புகார் வந்தது, நிராகரித்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் தடித்த கையுறை, நீளமான இடுக்கி என்று ஒரு வரி வரும். செப்டம்பர் பில் அது.