எண்ணெய் கொட்டினால் எப்படி அள்ளுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலில் எண்ணெய் கொட்டினால், எத்தனை நாளில் அள்ளி முடிப்பார்கள் என்பதே செய்தியாகிறது. எப்படி அள்ளினார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எங்கள் ராமநாதபுரம் கடலுக்கு அந்தக் கேள்விதான் உயிர்க்கேள்வி.

1967இல் டோரி கேன்யன் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே பாறையில் மோதியபோது, எண்ணெயைக் கரைக்க டன் கணக்கில் ரசாயனம் தெளித்தார்கள். பாறையில் ஒட்டி வாழும் நத்தைகளை எண்ணெயைவிட அதுவே அதிகம் கொன்றது. தெளிக்காமல் விட்ட பாறைகள் இரண்டு மூன்று ஆண்டில் தேறின. அதிகம் தெளித்த இடங்களுக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. வெந்நீரைப் பீய்ச்சிக் கரையைக் கழுவினார்கள். பார்வைக்குச் சுத்தமாயிற்று. ஆனால் எண்ணெய்க்குத் தப்பிய சிப்பிகளும் பாசிகளும் வெந்நீரில் செத்தன. கற்களுக்கு அடியில் இறங்கிய எண்ணெயோ இருபது ஆண்டுகள் கழித்துத் தோண்டினாலும் கிடைத்தது.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்களும், கடற்பசு மேயும் கடற்புல்லும் ஆழமில்லாத நீரில் இருப்பவை. எங்கள் பெண்கள் முங்கிப் பாசி எடுப்பதும் அங்கேதான். மேலே கரைத்துவிடும் எண்ணெய் இவற்றின் மீதே இறங்கும். 2017இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது ஆட்களை இறக்கி வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. எங்கள் மாவட்டத்துக் காரங்காட்டு அலையாத்திக் காட்டில் அதைச் செய்யவே கூடாது. மிதிக்க மிதிக்க எண்ணெய் சேற்றுக்குள் புதையும். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் அது எளிதில் மட்காது. பல ஆண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, எந்த இடத்தில் மிதவைத் தடுப்பு போடுவது, எங்கே ரசாயனமே கூடாது, எங்கே கை வைக்காமல் விடுவது என்பதைக் கடலோரக் காவல் படையும் வனத்துறையும் மீன்வளத்துறையும் இப்போதே ஊர் ஊராக முடிவு செய்து, மீனவ கிராமங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று. அலாஸ்காவில் ஹெர்ரிங் மீன்வளம் 1993இல் சரிந்தது. காரணம் எண்ணெயா, நோயா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நாளை இங்கே மீன் குறைந்தால், முன்பு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு இல்லாமல் எந்த மீனவரால் இழப்பீடு கேட்க முடியும்? பார், புல், பாசி, மீன் எல்லாவற்றையும் ஆண்டுதோறும் கணக்கெடுங்கள். பாசி எடுக்கும் பெண்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பாரில் எந்த மாதம் என்ன இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.