பெயர் அச்சில் வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் கவிதை படிக்கிறவர்கள் இல்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், கீழே வருகிறவர்களில் தெரிந்தவர் இருந்தால், தயவுசெய்து அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கல்லூரியில் நடந்த என் பணி நிறைவு விழாவில் கவிஞர், பேராசிரியர், இதழாசிரியர் என்று மூன்று பட்டம் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரைக்குக் கிடைத்த நேரம் செயலர், முதல்வர், துறைத்தலைவர் என்று வரிசையாகச் சொல்லவே சரியாகப் போய்விட்டது. அவர்களுக்குச் சொன்னதும் மனதாரச் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், விட்டுப்போனவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

முதலில் அச்சுக்கூடத்து அண்ணாச்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் காலாண்டிதழை ஆரம்பித்தபோது கையால் எழுத்துக் கோக்கிற அச்சகங்கள் நாகர்கோவிலில் இன்னும் இருந்தன. கவிதைப் பக்கம் என்றால் எழுத்துக் குறைவு, வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி சிரித்தார். "கதையெல்லாம் ஒரே ஓட்டமா ஓடிரும் டீச்சர். கவிதைக்குத்தான் காலி இடத்துக்கும் நான் ஈயம் வச்சு அடைக்கணும்" என்றார். தாளில் வெள்ளையாகத் தெரிகிற இடமெல்லாம் அவருடைய சட்டத்தில் உயரம் குறைந்த ஈயத்துண்டுகள். ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். நல்ல கனம். அதன் பிறகு வரியை உடைக்கும் முன் ஒரு நொடி அந்தக் கனம் நினைவுக்கு வரும். யாப்பிலக்கணம் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வரி எங்கே முடிய வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

இன்னொரு தடவை, என்னுடைய நீண்ட கவிதை ஒன்றில் 'இல்லை' என்ற சொல் வரிக்கு வரி வந்தது. பாதி கோத்ததும் ஆளனுப்பிவிட்டார். "ஐகாரக் கொம்பு தீர்ந்து போச்சு டீச்சர். அச்சடிச்ச பக்கத்தைப் பிரிச்சுப் போட்டாத்தான் மிச்சத்தைக் கோக்க முடியும். இல்லேன்னா நாலஞ்சு 'இல்லை'ய எடுத்திரலாமா?" எடுத்தோம். கவிதை பிழைத்துக்கொண்டது. பின்னாளில் விமர்சகர் ஒருவர் அந்தக் கவிதையின் சொற்சிக்கனத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதினார். அண்ணாச்சி, அந்தப் பத்தி உங்களுக்குச் சேர வேண்டியது.

அஞ்சலகக் கவுண்டரில் இருந்த அக்காவுக்கும் நன்றி. பதிவு பெற்ற பத்திரிகைகளுக்குத்தான் அஞ்சல் கட்டணச் சலுகை. நாங்கள் பதிவு செய்யவில்லை. பல சிற்றிதழ்களைப் போல 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுவிட்டு முழுக் கட்டணத்தில் புக் போஸ்டில் அனுப்பினோம். மூட்டையோடு நான் வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரச்சொல்லி, டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு முத்திரை குத்துவார். முகவரியில் பின்கோடு தவறியிருந்தால் அவரே திருத்திவிடுவார். "இந்த ஈரோட்டுக்காரருக்குப் போன தடவையும் திரும்பி வந்துதே, வீடு மாறிட்டாரோ?" என்று சந்தாதாரர்களைச் சொந்தக்காரர்களைப் போல விசாரிப்பார்.

விளம்பரம் தந்த கடைக்காரர்கள். வடசேரியில் ஜவுளிக்கடை, கோட்டாற்றில் மளிகை மொத்த வியாபாரம், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்குகிற ஒருவர். இதழைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ரப்பர் விலை சரிந்த ஒரு வருடம் கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் காசை எடுத்து வைத்துக்கொண்டு, "போன இதழ்ல என் விளம்பரத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாவுக் கவிதை போட்டுட்டீங்களே டீச்சர், இந்தத் தடவை கொஞ்சம் நல்ல காரியமாப் பாருங்க" என்றார். பார்த்தேன்.

ஊருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வளர்ந்தது தக்கலைப் பக்கம். அங்கே அடங்கியிருக்கும் சூஃபி ஞானி பீர்முகமது அப்பாவின் ஆண்டுவிழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்கக் கூட்டமாகப் பாடுவார்கள். பகலில் கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர்களும் மீன் விற்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். பாடப்புத்தகத்துக்கு முன்னால் கவிதை என் காதில் விழுந்தது அப்படித்தான். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இந்த நன்றியை வாங்கிக்கொள்ளட்டும்.

தேரூரில் பிறந்த கவிமணி ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதியவர். ஆகவே இரண்டும் ஒத்துவருமா என்று இந்த மாவட்டத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. 1988-இல் சுந்தர ராமசாமி நாகர்கோவிலிலிருந்து காலச்சுவடு இதழைத் தொடங்கியபோது நான் மாணவி. அதுவரை இதழ் என்றால் சென்னையிலிருந்து வருவது என்றே நினைத்திருந்தேன். நம் ஊர் முகவரி தாங்கி ஓர் இதழ் வெளியூருக்குப் போகிறது என்பதே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய துணிச்சல் கொடுத்தது. என் முதல் கவிதைகளைப் பென்சிலால் அடித்துத் திருப்பிக் கொடுத்த என் பேராசிரியருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சார், அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் அடித்தவற்றில் இரண்டு வரிகளைத் தவிர மற்றதெல்லாம் சரி. அந்த இரண்டைப் பற்றி நேரில் வந்து சண்டை போடுகிறேன்.

மாணவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மடல் முடியாது. பகுதி 1 தமிழ் என்பது பெரும்பாலும் இயற்பியலும் வணிகவியலும் படிக்க வந்தவர்கள் மதியத் தூக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் வகுப்பு. அப்படி ஒரு வகுப்பில் நெய்தல் பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பையன் எழுந்து, "மிஸ், இதுல கரையில நிக்கிறவ பாடுறா. கடல்ல இருக்கிறவன் கரையை எப்படிப் பாக்கான்னு ஒருத்தரும் பாடலையா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீயே சொல் என்றேன். கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பின்னாலிருக்கிற மலையையும் ஒரு கோட்டில் சேர்த்துக் கணியம் பார்த்து, கடலுக்கடியில் பார் (மீன் கூடும் பாறைத்திட்டு) இருக்கிற இடத்தை அவன் அப்பா கண்டுபிடிப்பதைப் பலகையில் படம் போட்டு விளக்கினான். வகுப்பில் யாரும் தூங்கவில்லை. அதையே எழுதி வாங்கி இதழில் போட்டேன். நாங்கள் வெளியிட்ட கட்டுரைகளில் அதிகம் பேசப்பட்டது அதுதான்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தது. வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை. கடற்கரை ஊர்களில் திரும்பி வராதவர்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் இதழ் கொண்டுவருவதே அபத்தமாகத் தோன்றியது. அந்தப் பையன்தான் (அப்போது பள்ளி ஆசிரியராகிவிட்டான்) வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் வீடு வீடாகப் போய், பெண்கள் பேசியதை அப்படியே எழுதிக் கொண்டுவந்தான். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. பேசிய அந்தப் பெண்களுக்கு நன்றி என்று எழுதவே கை தயங்குகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

விளவங்கோடு வட்டத்திலிருந்து வந்து, "என் தமிழ்ல மலையாள வாடை அடிக்கும் மிஸ்" என்று வாயே திறக்காமல் இருந்த மாணவிகளே, உங்கள் பேச்சில் எழுதச் சொன்னபோது என்னை நம்பினீர்களே, அதற்கு நன்றி. உங்களில் இரண்டு பேர் இப்போது என்னைவிட நல்ல கவிஞர்கள். யார் அந்த இரண்டு பேர் என்று கேட்டுச் சண்டை போட வேண்டாம்.

கல்லூரி நூலகருக்கும் அலுவலகத்து எழுத்தருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு, பதவி உயர்வுக்கு எல்லாவற்றையும் மதிப்பெண்ணாக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. எங்கள் இதழுக்கு ஐஎஸ்எஸ்என் என்கிற, இதழ்களுக்கான அடையாள எண்கூடக் கிடையாது. ராத்திரி கண்விழித்துப் பிழை திருத்திய வேலை எந்தக் கட்டத்திலும் அடங்காது. அந்த முறை இலக்கியத்துக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை என்பது என் கருத்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் சத்தமாகவே சொல்கிறேன். படிவத்தைப் பார்த்து நான் வெப்ராளப்பட்டபோதெல்லாம், எந்தக் கருத்தரங்கச் சான்றிதழ் எங்கே கிடக்கிறது என்று தேடியெடுத்து நிரப்பிக் கொடுத்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

கணினிக்கு மாறிய பிறகு வேறு தொல்லை. ஒவ்வொரு டிடிபி கடையிலும் ஒவ்வொரு எழுத்துரு. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் பக்கம் முழுக்கப் புள்ளியும் கோடும். பழைய இதழ்க் கோப்புகளையெல்லாம் எல்லாக் கணினியிலும் திறக்கிற ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிக் கொடுத்த முன்னாள் மாணவி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். காசு வேண்டாம் என்றாள். பதிலுக்கு, காற்றாலைகள் சுற்றுகிற ஆரல்வாய்மொழியிலிருந்து அவளுக்கு என்ன அனுப்பலாம் என்று கேட்டேன். "காத்தைக் கொஞ்சம் பார்சல் பண்ணுங்க மிஸ்" என்றாள்.

நான் திருப்பியனுப்பிய கவிதைகளை எழுதியவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. உங்களில் சிலர் கோபமாகக் கடிதம் எழுதினீர்கள், அது நியாயம். அப்படியும் அடுத்த வருடச் சந்தாவை அதே உறையில் வைத்து அனுப்பினீர்கள். அந்த மனசு எனக்கு இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

வீட்டுக்காரருக்கு வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். மாமியார் இருந்தவரை இதழ் மடிக்கிற நாளில் மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும் உண்டு. மடிக்க வந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை இழுத்தது இலக்கியமா, கிழங்கா என்று நான் விசாரித்ததில்லை.

அடுத்த இதழிலிருந்து ஆசிரியர் பொறுப்பு என் முன்னாள் மாணவர்கள் மூவர் கையில். படைப்புகளை இனி அவர்களுக்கே அனுப்புங்கள். என்னிடம் சிபாரிசு கேட்க வேண்டாம், அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். சந்தா மீதி அப்படியே தொடரும். பழைய இதழ்கள் எட்டுப் பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கின்றன. நூலகம் வைத்திருப்பவர்கள் யாராவது வந்தால் இலவசமாகத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மற்ற நாள்களில் காலையில் வாருங்கள். பெட்டி கனமாக இருக்கும், துணைக்கு ஒரு ஆளையும் கூட்டி வாருங்கள்.